கொதிக்காத ஊசி

மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் நீளமான ஒரு பித்தளைப் பாத்திரம். அதில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க, கண்ணாடிச் சிரிஞ்சுகளும் ஊசிகளும் அடியில் கிடந்து கிணுகிணுக்கும். 1950-களில் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் நான் டாக்டராக இருந்தேன். அந்த அடுப்பை உள்ளறையிலிருந்து வராந்தாவுக்குக் கொண்டுவந்தவர் எங்கள் தலைமை நர்ஸ். மறைவில் இருந்தால் ஒருநாள் எல்லோரும் ஏமாற்றுவோம் என்பார். வரிசையில் நிற்பவர் கண்ணெதிரே, ஒவ்வொருவருக்கும் ஊசி கொதித்தாக வேண்டும்.

சந்தை நாளில் வரிசை வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போய்விடும். கேழ்வரகு விற்க வந்தவர்கள் பொறுமை இழப்பார்கள்.

“ஏம்மா, ஊசி வேகுதா, துவரம்பருப்பு வேகுதா?”

“பருப்பு வேகலைன்னா வயிறு வலிக்கும். ஊசி வேகலைன்னா கை அழுகும். எது வேணும், சொல்லுங்க பெரியப்பா.”

தெலுங்கிலும் கன்னடத்திலும் முணுமுணுத்தவர்களுக்கு அந்தந்த மொழியிலேயே பதில் கிடைக்கும்.

அப்படியொரு சந்தை நாளில் ஊரின் பெரிய நிலக்காரர் வில்வண்டியில் வந்து இறங்கினார். பெனிசிலின் போட வேண்டும். நிற்கப் பழகாத மனிதர். அப்போதுதான் வேறொருவருக்குப் போட்ட ஊசி தட்டில் கிடந்தது. “ஸ்பிரிட்டில் துடைத்துப் போட்டுவிடுங்கள்” என்றேன் நர்ஸிடம். அது தவறென்று எனக்குத் தெரியும். படித்துப் பட்டம் வாங்கியவன். ஆனால் வாசலில் நின்ற வில்வண்டிதான் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

“நான் போட மாட்டேங்க டாக்டர். கொதிச்சாத்தான்.”

“நம்மளயே காக்க வெக்குதா இந்தம்மா?” என்றார் நிலக்காரர்.

“ஊசிக்கு ஆள் அடையாளம் தெரியாதுங்க.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் ஊசியை எடுத்தேன், துடைத்தேன், அவர் தோளில் போட்டேன்.

தோள் வீங்கிச் சீழ் வைத்தது. கீறி எடுக்க வேண்டியதாயிற்று. நர்ஸ் அழுக்கு ஊசி போட்டார் என்று நிலக்காரர் புகார் எழுதினார். போட்டவன் நான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேர் முன்னால் அவரை எதிர்த்தவன் நான் இல்லையே.

சேலத்திலிருந்து மேலதிகாரி விசாரிக்க வந்தார். “யார் போட்டது?” என்று கேட்டார். நர்ஸ் என்னைப் பார்த்தார். “அவரே சொல்லுவாருங்க.”

“நர்ஸ்” என்றேன்.

அவர் அழவில்லை, கெஞ்சவில்லை. “எழுதிக்கோங்க. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க, போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பிப் போனார். தண்டனையாக எங்கோ தொலைவுக்கு மாற்றினார்கள்.

அடுப்பை நான் உள்ளறைக்கு மாற்றினேன். அடுத்த சந்தை நாளில், மத்திகிரி மாட்டுப் பண்ணையில் புல் அறுக்கும் ஒரு பெண் முதலில் நின்றாள். நான் ஊசியோடு நெருங்கியதும் கையை இழுத்துக்கொண்டாள்.

“அடுப்பு எங்கீங்க?”

“உள்ளே இருக்கிறது.”

“வெளிய கொண்டாங்க. கொதிக்கறதப் பாத்தாத்தான் கையக் குடுப்பேன்.”

அவளுக்குப் பின்னால் சுருட்டிய சட்டைக் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பருப்பு வேகுதா என்று கேலி செய்தவரும் கையைக் கட்டிக்கொண்டார். நானே அடுப்பைத் தூக்கி வந்து வராந்தாவில் வைத்தேன். அவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அதற்குப் பிறகு நான் கொதிக்காத ஊசியைத் தொட்டதில்லை. ஒழுக்கம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கண்களுக்குப் பயந்தேன்.

இன்று ஓசூரில் உறையைப் பிரித்து ஊசி போடுகிறார்கள், ஒருமுறை போட்டதும் எறிந்துவிடுகிறார்கள். அந்த நர்ஸ் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அவருடைய பணிக் குறிப்பில் என் பொய் இருக்கிறது. இதை எழுதுகிறேன் என்றதும் என் மகன், “இத்தன வருஷம் கழிச்சு எதுக்குப்பா? உங்க பேருதான் கெடும்” என்றான்.

கெடட்டும். அவர் பெயரைக் கெடுத்துக் காப்பாற்றிக்கொண்ட பெயர்தானே அது.