நான் ஜெயித்த வாதம்

என் தங்கையின் கணவர் பூம்பாறையில் பூண்டு விவசாயி. வீட்டு முன்னறையில் சின்னதாக ஒரு சபையும் நடத்திவந்தார். போன வருஷம் வரை அவர் வெறும் பாஸ்டர்தான். திடீரென்று வாசல் பலகையில் பெயருக்கு முன்னால், இயேசுவின் முதல் சீடர்களுக்கு உரிய 'அப்போஸ்தலர்' பட்டம் ஏறிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடைக்கானலில் மிஷன் பள்ளியில் இருபது வருஷமாக வேதபாடம் எடுக்கிறவன் நான். இதை எப்படிச் சும்மா விடுவேன்?

தங்கைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு முதல் பஸ்ஸில் போனேன். முன்னறைச் சுவரோரம் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். கெண்டைக்காலில் கறுப்பாக ஒரு பொருக்கு. தோட்டத்தில் ஏதோ பூச்சி கடித்தது என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன். மாப்பிள்ளை குறுக்கே வந்தார்.

"அப்போஸ்தலன் பொண்டாட்டியே ஆஸ்பத்திரியில கெடந்தா, நாளைக்கு எவன் எங்கிட்ட ஜெபத்துக்கு வருவான், மச்சான்?"

அந்த நிமிஷமே அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். நானோ பைபிளைத் திறந்தேன். உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்ணால் கண்டவர்தான் அப்போஸ்தலர், யூதாசின் இடத்துக்கு மத்தியாவை எடுத்தபோதே அப்படித்தான் பார்த்தார்கள், நீங்கள் எங்கே கண்டீர்கள் என்றேன். போதகர் இன்றைக்கும் உண்டென்றால், போதகரைச் சொல்கிற அதே வசனத்தில் முதலில் வருகிற அப்போஸ்தலர் மட்டும் எங்கே போனார் என்று அவர் மடக்கினார். அப்போஸ்தலர்கள் சபைக்கு அஸ்திவாரம், அஸ்திவாரம் ஒரு தடவைதான் போடுவார்கள் என்றேன். பத்து மணி பஸ் போனது. மத்தியான பஸ்ஸும் போனது. கடைசியில் அவர் தன் பைபிளை மூடி ஓரமாக வைத்தார். பாவி, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் கம்பளிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணே, பேசி முடிச்சாச்சுன்னா ஒரு வண்டிக்குச் சொல்லுங்க. மூச்சு வாங்குது."

கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், வளைவுக்கு வளைவு என் மடியில் அவள் தலை ஆடிக்கொண்டே வந்தது. டாக்டர் காலைப் பார்த்ததுமே உண்ணிக் காய்ச்சல் என்றார். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும் என்றார். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் மாப்பிள்ளை ஸ்டூலைப் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார். அதைச் சுவரில் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி மச்சான்."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் அன்றைக்கு இரண்டு பஸ்ஸை விட்டேன்.