தாழிடாத எதிர்வீடு

சபாபதி மருத்துவமனையில் இறந்துபோன செய்தி தொலைபேசியில் வந்தது. என் மனைவி கமலா கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. எதிர்வீட்டுக்காரனான எனக்குக் கடைசியாகச் சொல்கிறார்களே என்ற எரிச்சல். அவரை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரியும், மறைத்துப் பயனில்லை.

மொன்ட்ரியாலுக்கு அவருக்கு முன்பே வந்தவன் நான். கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். ஆனாலும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் கட்டடத்துக்கு வரும் தமிழர்கள் என் வீட்டில் காப்பி குடித்துவிட்டு அவர் வீட்டில்தான் சாப்பிட உட்காருவார்கள். பஞ்சாபில் எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் கால்வாய்ப் பொறியாளராக இருந்தவர் அவர். சண்டைக் காலத்தில் விமானங்களுக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியது, விளக்கில்லாமல் கல்யாணம் நடந்தது என்று அவர் சொல்லச் சொல்ல, கமலா சாப்பிட மறந்து கேட்பாள். என் பேச்சை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "நிஜமாவே சண்டையைப் பார்த்தீங்களா, இல்ல கதை விடறீங்களா?"

"எங்கே சார் பார்த்தேன்? இருட்டுல பக்கத்து ஆள் மூச்சு விடறதுதான் கேட்கும்," என்றார். எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அந்த ஊரில் அபாயச் சங்கு ஊதினால் யாரும் கதவைத் தாழிட மாட்டார்களாம். தெருவில் இருப்பவர் கிட்டத்தில் உள்ள வீட்டுக்குள் நுழைந்துகொள்ளலாம். வருகிறவருக்காக இரண்டு ரொட்டி மூடி வைத்திருப்பார்களாம். இங்கே பனிப்புயல் அடித்தால் சபாபதியும் கதவைத் தாழிடாமல் ஒரு தட்டுச் சோறு மூடி வைப்பார். வெறும் பகட்டு என்று நினைத்தேன்.

ஒரு பிப்ரவரிப் புயலில் பேருந்து நின்றுபோய் நடந்தே வந்தேன். சாவி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. கமலா வேலையிடத்தில் மாட்டிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் எதிர்க்கதவைத் தள்ளினேன். காலையிலேயே சோற்றை மூடி வைத்துவிட்டு வெளியே போன அவரும் வந்து சேரவில்லை. புளிச்சோற்றை நின்றபடியே தின்றேன். கட்டடக் காப்பாளர் மாற்றுச் சாவி கொண்டுவந்ததும் சத்தமில்லாமல் என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

"நேத்து யாரோ வந்து சாப்பிட்டிருக்காங்க. வெச்சது வீண் போகலை," என்று மறுநாள் எல்லோரிடமும் சொன்னார். யார் என்று கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

தகனம் முடிந்து வரும்போது கமலா சொன்னாள்: "அன்னிக்கு சாப்பிட்டது நீங்கதான்னு அவருக்குத் தெரியும். தட்டைக் கழுவித் துடைச்சுக் கவுத்து வெக்கறது நீங்க ஒருத்தர்தானாம். உங்ககிட்ட சொல்ல வேணாம்னார்."

நேற்றுப் புயல். கதவைத் தாழிடாமல் ஒரு தட்டுச் சோறு மூடி வைத்தேன். யாரும் வரவில்லை. அவர் வீடாக இருந்தால் வந்திருப்பார்கள் என்று வயிறு எரிந்தது. ஆறிய சோற்றை நானே சாப்பிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு வழக்கம்தான். அடுத்த புயலுக்கும் வைப்பேன்.