பொங்கலுக்கு அரைமணி முன்னால்

ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தமிழில் சுருக்கி நடுக்குவாதக் குழுவில் போடுவது என்று நான் முடிவெடுத்தபோது எனக்கிருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. சித்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவளுக்கு இது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்த வருடம் நான் சேர்ந்த வாட்ஸ்அப் குழு அது. திருப்பதி, புத்தூர், நகரி, பாலசமுத்திரம் என்று எல்லாரும் நோயாளிகளின் வீட்டார். காலையில் ரோஜாப்பூ வரும், மதியம் ஏதாவது ஒரு கஷாயம் வரும். என் சுருக்கங்களை ஒருவரும் சீண்டவில்லை. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, குழுவையே ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன்.

நகரியில் விசைத்தறி ஓட்டும் ஒரு பெண் மட்டும் பதில் போட்டாள். "எழுத்துல போட்டா யாரு படிக்கறதுக்கா? வாயால சொல்லுங்க, தறி ஓட்டிக்கினே கேட்டுக்கறேன்."

சுருக்கென்றது. ஆனாலும் பேசிப் பதிந்து குழுவில் போட்டேன். நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் முக்கியமான மாத்திரையும், பருப்பு, பால், முட்டையிலிருக்கும் புரதமும் குடலில் ஒரே வழியாகத்தான் ரத்தத்துக்குள் போகவேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால், பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற கதைதான், மாத்திரை ஏற முடியாமல் நின்றுவிடும் என்றேன். பலருக்குச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட்டால் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்றும் சொன்னேன்.

அவள் அப்பா தினமும் பாசிப்பயறு அரைத்துச் சுடும் பெசரட்டோடு சேர்த்து மாத்திரை போடுகிறவர். அவள் டாக்டரைக் கேட்டாள், அவரும் மாற்றச் சொன்னார். பத்து நாள் கழித்து அவள் குரல் வந்தது: "நைனா அவரே சட்டை பட்டன் போட்டுக்கினாருக்கா." அதை மூன்று தடவை கேட்டேன். அன்று வகுப்பில் யாரையும் திட்டவில்லை. கூடவே அவள் ஒன்று கேட்டிருந்தாள், உங்க நைனா எப்ப போடறாரு என்று.

எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய நான் சொந்த வீட்டில் கேட்கவே இல்லை.

அப்பா திருப்பதியில் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர், வரிசையில் நின்று எல்லாரோடும் சேர்ந்து ஓதுகிறவர். ஒரு வருடமாகக் குரல் தொண்டைக்குள்ளேயே அமுங்கிப்போயிருந்தது. நிற்கும்போது யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். இனி வீட்டிலேயே சேவிக்கட்டுமே என்று கோஷ்டியின் மூத்தவர் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டிருந்தார். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது; போவதை அவர் இன்னும் விடவில்லை. நோய் முற்றினால் இப்படித்தான் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் போன் செய்தால், காலை மாத்திரை கோஷ்டி முடிந்த பிறகுதானாம், பிரசாதப் பொங்கலோடு. பாசிப்பருப்பைத் தாராளமாகப் போட்ட பொங்கல்!

அப்பாவின் டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, விடியற்காலையில் வெறும் தண்ணீரோடு போடலாம் என்றார். அப்பா மசியவில்லை.

"பெருமாள் அமுது செய்யறதுக்கு முன்னாடி நான் வாயில ஒண்ணும் போடமாட்டேன்."

நான் ஆராய்ச்சியை எடுத்து வைத்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மாதான் முடித்து வைத்தாள். "மருந்தெல்லாம் ஆகாரமில்லை. முழுங்கிட்டுப் போய் பெருமாளுக்கே கேக்கற மாதிரி சேவிங்கோ."

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலுக்குப் போனேன். கோஷ்டி வரிசையின் ஓரத்தில் அப்பா யாரையும் பிடிக்காமல் நின்றிருந்தார். கை நடுங்கத்தான் செய்தது, நோய் எங்கும் போய்விடவில்லை. ஆனால் பாசுரத்தின் இரண்டாவது அடியிலேயே அவர் குரல் தனியாகக் கேட்டது. மூத்தவர் திரும்பிப் பார்த்தார், பிறகு சற்று நகர்ந்து அப்பாவுக்குத் தன் பக்கத்தில் இடம்விட்டார். எனக்கு அழுகையும் கர்வமும் ஒன்றாக வந்தன.

எல்லாம் முடிந்து, கையில் பொங்கலோடு நின்ற அப்பா என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு படிச்சவ, ஒரு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கப்படாதா?"

பிராகாரத்தின் அந்தக் கோடியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு கணீரென்று என்னைத் திட்டினார்.