கணக்கு கம்மியான பிரிவு

எழுபதுகளின் கடைசியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்தபோது, அடையாறு பக்கம் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் மேற்படிப்பு புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். நானும் என் வகுப்புத் தோழியும் சேரப் போனோம். அவள் மயிலாப்பூர்க்காரி. துணைப்பாடமாக வந்த கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். நான் அதை இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினேன்.

படிப்பில் இரண்டு பிரிவு என்றார் பேராசிரியர். நான் கேட்ட ஒரே கேள்வி, "சார், எதுல கணக்கு கம்மி?"

"இரண்டாவதுல. கம்பெனிகளுக்கு புரோகிராம் எழுதக் கத்துத் தருவோம். யோசிச்சுச் சொல்லும்மா."

வெளியே வந்ததும் தோழி என் கையைப் பிடித்தாள். "பயந்துண்டு முடிவு பண்ணாதேடி. நான் சொல்லித் தரேன்."

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்பாவோ, "எது சுளுவோ அதை எடு தாயி" என்றார். நான் சுளுவானதை எடுத்தேன்; தோழி கணக்கு நிறைந்த முதல் பிரிவில் சேர்ந்தாள்.

புரோகிராம் எழுத எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. புரோகிராமை அட்டைகளில் துளைகளாகப் போட்டு, கம்ப்யூட்டர் இருந்த ஏ.சி. அறையில் கொடுத்துவிட்டு, மறுநாள் விடைக்குக் காத்திருப்பேன். யாரும் சொல்லாமலே ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். எந்த ஸ்டாப்பிலிருந்து எந்த ஸ்டாப்புக்குப் போனாலும் குறைவாக பஸ் மாறும் வழியைக் கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். ஸ்டாப்புகளைப் புள்ளியாகவும் பஸ் போகும் வழியைக் கோடாகவும் வரைந்து, பல நாள் அதிலேயே கிடந்தேன்.

கேன்டீனில் அந்தப் படத்தைத் தோழி பார்த்தாள். "இது எங்க பாடம்னா! யார் சொல்லித் தந்தா நோக்கு?"

"யாருமில்லே. இதுல கணக்கு எங்கடி இருக்கு? புள்ளியும் கோடும்தானே?"

"அதுதான்டி கணக்கு."

அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். டீ ஆறிப்போனது.

மறுநாளே பேராசிரியரிடம் போய்ப் பிரிவை மாற்றித் தரச் சொன்னேன். அவர் பரிவாகத்தான் பேசினார். கணக்கில் தனியாக ஒரு தேர்வு எழுதித் தேறினால் மாறலாம் என்றார். சாந்தோம் கடற்கரையில் உட்கார்ந்து தோழி மாலைதோறும் எனக்குப் பாடம் எடுத்தாள். ஆனால் தேர்வுத் தாளில் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. கல்லூரியில் என்னை விரட்டிய அதே தொகையிடல்தான் வரிசையாக நின்றது. தேறவில்லை.

"அடுத்த தடவை எழுதேன்" என்றாள் அவள். எனக்குத் தெம்பில்லை.

படிப்பு முடிந்து அவள் ஆராய்ச்சிக்கு வடக்கே போனாள். கம்ப்யூட்டர் எப்படி வழி தேடுகிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட பொருள். சொன்னபோது சந்தோஷப்பட்டேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அழுகை வந்தது.

எனக்கு நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சம்பளப் பட்டியல் போடும் புரோகிராம்களை எழுதினேன். கூட்டல், கழித்தல், சதவீதம். அதற்குமேல் அங்கே யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை.