துப்பாக்கிக்குத் தைத்த வார்

பாபநாசத்துக்கு மேலே, மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். அதற்கு முன் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். மனைவி தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்ட பிறகு, தெரிந்த முகம் எதையும் பார்க்கப் பிடிக்காமல் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டாம் வருஷம் செடிகளில் நோய் விழுந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கூலியாட்களை அனுப்பிவிட்டுத் தானும் இறங்கிப் போனார். தோட்டம் விலைபோகும்வரை காவலுக்கு நான் ஒருவன் போதும் என்று முடிவாயிற்று. பன்றிக்கும் யானைக்கும் வெடி போட ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் சில மாதம் அந்தத் தனிமை எனக்கு இதமாகவே இருந்தது. பிறகு ஒரு காலையில் ஜெபம் சொல்ல வாயைத் திறந்தால் குரல் எழும்பவில்லை. கடைசியாக எப்போது பேசினேன் என்று யோசித்தேன். நினைவு வரவில்லை.

துப்பாக்கி நல்ல கனம். தோளில் மாட்ட வார் கிடையாது. எங்கே போனாலும் கையிலேயே தூக்கிப் போகவேண்டும். ஐப்பசி மழையில் ஓடை பெருகியிருந்தது. குறுக்கே கட்டியிருந்த கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கடக்கும்போது கால் வழுக்கியது. துப்பாக்கியை விடாமல் கயிற்றை விட்டேன். தண்ணீர் என்னை உருட்டிக்கொண்டுபோய்ப் பாறையில் ஒதுக்கியது. செத்திருந்தால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரிந்திராது என்பது அங்கே கிடக்கும்போதுதான் உறைத்தது. மறுநாளே துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, அது என்னிடம் இருப்பதற்குத் துரை எழுதிக்கொடுத்திருந்த அனுமதிக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மலையிறங்கி, அம்பாசமுத்திரத்தில் ரயில் ஏறினேன்.

பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையிலேயே கடை வைத்து, வண்டிக் குதிரைகளுக்குச் சேணம் தைக்கும் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். சாக்கைப் பிரித்துக் குழலைத் தடவிப் பார்த்தார்.

"கொல்லன்ட்ட சொல்லி குழல்ல வார் மாட்ட ஒரு வளையம் பத்தவைக்கலாமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வேண்டாம்வே. ரெண்டு குழலும் ஈயத்தால ஒட்டினது. சூடு காட்டினா பிரிஞ்சுரும். தோல்லயே ஒரு பட்டை தச்சு குழலைச் சுத்தி இறுக்கித் தாரேன். கீழ கட்டையில மட்டும் ஒரு திருகு வளையம் போட்டாப் போதும்."

கட்டை பிளந்துவிடாமல் இருக்க மெல்லிய துளை போட்டு, திருகில் சோப்பைத் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். குழல்களைச் சுற்றி எண்ணெய்த் துணி வைத்து, அதன்மேல் தோல் பட்டையை இழுத்துக் கட்டினார். பிறகு எழுந்து வந்தார்.

"இங்கன வந்து நில்லும். கையைத் தொங்கவிடும்."

வாரை என் தோளில் போட்டு, முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தி அளவு பார்த்தார். என்னைத் திருப்பி, மடங்கியிருந்த சட்டைக் காலரை நேராக்கிவிட்டார். கல்லறைத் தோட்டத்தில் சபைப் பெரியவர் ஒருவர் என் தோளைப் பிடித்து நிறுத்தியதற்குப் பிறகு எந்த மனுஷனும் என்னைத் தொட்டதில்லை. உடம்பு நடுங்கியது.

"குளிருதாவே?"

"இல்ல."

"பைய நில்லும். முடிஞ்சிட்டு."

வார் அருமையாக அமைந்தது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து ஓடையைக் கடந்தேன். ஆனால் மலைக்குத் திரும்பிய பிறகு தனிமை முன்னைவிடக் கனத்தது. மாசி மாதம் ஒரு மத்தியானம், பங்களாப் படியில் உட்கார்ந்து பேனாக்கத்தியால் வாரின் தையலில் நாலைந்து இழைகளை அறுத்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அறுத்தேன். பிறகு துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனேன்.

"தையல் விட்டுட்டு அண்ணாச்சி."

அவர் நூல் முனையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என் தையல் இப்படி விடாது. இது கத்தி பட்ட நூலுல்லா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஊசியில் மெழுகு நூலைக் கோத்து, அறுந்த இடத்தைத் தைத்து முடித்தார். பிறகு வீட்டுக்குள் பார்த்து, "இன்னொரு ஆளுக்கும் சேத்துச் சோறு போடு," என்றார்.

கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் தடவை சோறு வைக்கும்போது அவர் சம்சாரம், "எந்த ஊரு? வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டாள். மனைவியைப் பற்றி அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சோறு ஆறிப்போயிற்று. அவள் அதை எடுத்துவிட்டுச் சூடாக வேறு வைத்தாள்.

அடுத்த மாதம் துப்பாக்கியைப் பங்களாவில் வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கினேன். கடை வாசலில் என்னைக் கண்டதும், "துப்பாக்கி எங்கவே?" என்றார்.

"மலையில இருக்கு. சும்மா வந்தேன்."

"அப்ப இரும்," என்று ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, கையிலிருந்த கடிவாளத்தைத் தைக்கத் தொடங்கினார்.

மறு வருஷம் தோட்டம் கைமாறியது. துப்பாக்கியைப் புதிய துரையிடம் ஒப்படைத்துவிட்டு, பாளையங்கோட்டையிலேயே மறுபடி வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தேன். தனிமை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இருந்த வாடகை வீட்டில் அது என்னோடுதான் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டால் போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது.