மூடிவிட்டேன் என்றவர்

எங்கள் பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் லேபிள் அச்சிடுபவர் அவர். நரைத்த மீசை. எழுந்தால் நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டுத்தான் நகர்வார். ஒருநாள், நான் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய லேபிள் புரோகிராம் ‘வேறொருவர் பயன்படுத்துகிறார்’ என்று திறக்க மறுத்தது. வெளியே லாரி காத்திருந்தது.

“மூடாமயே போயிட்டீங்களா?” எல்லார் முன்னாலும் கத்தினேன்.

“இல்லீங்க கண்ணு, கரண்டு போயி அதுவே அணைஞ்சுதுங்க.”

“படிச்ச எனக்கே சொல்லித் தர்றீங்களா?”

பிறகுதான் பார்த்தேன். இருவர் ஒரே நேரத்தில் அச்சிடாமலிருக்க புரோகிராம் பூட்டுபோல் உருவாக்கும் லாக் ஃபைல், கரண்டு போனதில் அழியாமல் கிடந்தது. அப்படிக் கிடந்தால் அதை நீக்கும் கட்டளையை நான் எழுதவே இல்லை. சத்தமில்லாமல் திருத்தினேன். அவரிடம் சொல்லவில்லை.

இப்போது தினமும் வேலை முடிந்ததும் பக்கத்து மேசைக்காரரை அழைத்துத் திரையைக் காட்டுகிறார்: “பாத்துக்கோங்க, மூடிட்டேனுங்க.”

நான் தலை நிமிர்வதில்லை.