காற்று சொல்கிறவருக்கு ஒரு பங்கு

என் மனைவியின் தம்பிக்கு விசைப்படகு இருக்கிறது. கடலுக்குக் கிளம்புமுன் காற்றையும் அலையையும் செல்போனில் பார்ப்பான். அந்தச் செயலி இலவசம். எங்கோ ஒரு மனிதர் தனியாக எழுதிப் பராமரிப்பது. விருப்பமுள்ளவர்கள் மாதச் சந்தா தந்தால்தான் தொடர முடியும் என்று ஒருநாள் அவர் அதில் எழுதியிருந்தார். நான் படித்துச் சொன்னதும் இவன் பதறிப்போனான்.

"மீன் வித்த காசுல வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு வைக்கோம். காத்து சொல்லுத மனுசனுக்கு வைக்காம விட்டுட்டோமே அத்தான்! ஒரு பெட்டி சீலா மீனு அனுப்புவோமா?"

"அழுகித்தாம்லே போய்ச் சேரும்."

சிரித்துக்கொண்டே என் வங்கி அட்டையில் சந்தா கட்டினேன். மாதாமாதம் பணத்தை என் கையில் தந்துவிடுவான். பெயர் கேட்ட இடத்தில் படகின் பெயரைப் போடச் சொன்னான். "நான் ஒத்தையிலயா கடலுக்குப் போறேன்?"

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. கடலுக்குப் போகாத படகுகளின் மேல் காற்று மட்டும் ஓயாமல் அலைந்தது. வருமானமில்லாதவனிடம் பணம் வாங்கக் கூசியது. சந்தாவைக் கொஞ்சநாள் நிறுத்திவைக்கலாமா என்றேன்.

"ஏன், அவரு வீட்டு அடுப்புக்கும் தடைக்காலமா?" என்றவன், சட்டைப்பையைத் துழாவி அந்த மாதப் பணத்தை நீட்டினான்.